அந்த வாரம் பள்ளிக்கூடம் இல்லை

வேல்ஸ் நாட்டுக் கும்ஹெலிக் ஊரில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். தொழிலையோ வீட்டையோ சேர்த்துச் சொன்னால்தான் ஆள் தெரியும். கெய்னர் ப்ராசர் இருபத்திரண்டு வருடம் ஊர்க்கோடித் தையல் ஆலையில் கால்சட்டைகளுக்கு இடுப்புப் பட்டி தைத்தாள். அதனால் பட்டி கெய்னர். ஆலையை மூடி இயந்திரங்களைக் கப்பலேற்றிய வருடம், பள்ளிக்கூடத்துக்கு எதிரே பிள்ளைகளை ரோடு கடத்திவிடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பு, அதன் நுனியில் 'நில்' என்று எழுதிய வட்டத் தகடு, பெரிய குச்சிமிட்டாய் மாதிரி. மறுநாளே ஊர் பெயரை மாற்றிவிட்டது. குச்சிமிட்டாய் கெய்னர்.

காலையில் நாற்பது நிமிடம், பிற்பகலில் நாற்பது நிமிடம். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த எண்பது நிமிடமும் ரோடு அவளுடையது. கும்ஹெலிக்கில் ரோடு ஒன்றுதான். பள்ளத்தாக்கின் அடியில் ஆற்றை ஒட்டி ஓடுகிறது. இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள், வீட்டுக்கு வீடு நிறுத்திய கார்கள். நடுவில் ஒரு பஸ் போனால் எதிரே வருபவன் ஒதுங்கி நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் ஒருபுறம், பெரும்பாலான வீடுகள் மறுபுறம்.

சேர்ந்த மூன்றாவது வருடம் அவள் ஒரு சவ ஊர்வலத்தை நிறுத்தினாள். கறுப்புக் கார் மெல்ல வந்துகொண்டிருந்தது. முதல் மணி அடிக்கப்போகிற நேரம். கெய்னர் கம்பைத் தூக்கிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய் நின்றுவிட்டாள். ஈமக்கிரியைக் கடைக்காரர் கண்ணாடியை இறக்கி, "என்னம்மா இது?" என்றார்.

"அவருக்கு இனிமே அவசரம் இல்ல. இதுகளுக்கு மணியடிச்சிரும்," என்றாள்.

பின்னால் வந்த காரில் இறந்தவரின் மனைவி அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார் என்று இன்றும் சொல்வார்கள்.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயதானபோதுதான் மலைமேல் வரப்போகும் விடுமுறை நகரத்தைப் பற்றிய பேச்சு வந்தது. பழைய நிலக்கரிக் குழி இருந்த மேட்டில் நானூறு மரவீடுகள், ஒரு பெரிய ஹோட்டல், கண்ணாடிக் கூரை போட்ட நீச்சல் குளம், செயற்கைப் பனிச்சறுக்கு. அறுநூறு பேருக்கு வேலை என்றார்கள். தொழிலாளர் மன்றத்தில் ஒரு சனிக்கிழமை அதன் மாதிரியை மேசைமேல் வைத்துக் காட்டினார்கள். தீக்குச்சி அளவு மரங்கள், அரிசி அளவு கார்கள். ஊரே திரண்டு வந்தது. மழைக்கோட்டுகளிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய கணவன் ஹேடன் நிறுவனத்தார் வைத்திருந்த கேக்கில் மூன்று துண்டு தின்றுவிட்டு, "நம்ம கெதின் திரும்பி வந்துடுவான்," என்றான். அவர்கள் மகன் கெதின் பிரிஸ்டலில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். வார இறுதியில் வருவான். சில வார இறுதிகளில் வரமாட்டான்.

கெய்னருக்கும் சந்தோஷம்தான். மாதிரியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தாள். பிறகு சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்த இளைஞனிடம் போனாள்.

"இதைக் கட்டுறதுக்கு லாரி எந்த வழியா மேல போகும்?"

"நல்ல கேள்வி, மேடம். போக்குவரத்து மதிப்பீடு ஏழாவது தொகுதில இருக்கு."

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"ஏழாவது தொகுதில விவரமா இருக்கு, மேடம்."

"என்னை யாரும் மேடம்னு கூப்பிட்டதே இல்ல கண்ணு," என்றாள் கெய்னர். "சரி, நானே போய்ப் பார்த்துக்கறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று அவன் நினைத்திருக்க வேண்டும். கெய்னர் பேச்சுக்குச் சொல்பவள் இல்லை.

ஊர் நூலகம் செவ்வாயும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். காலைப் பிள்ளைகளைக் கடத்திவிட்டுக் கம்பைப் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, மஞ்சள் கோட்டோடு அங்கே போனாள். நூலகர் நெரிஸ் அலமாரியிலிருந்து அந்தத் தொகுதியை இரண்டு கையாலும் தூக்கி வந்து வைத்தாள்.

"ஏழாவதா? இதுவரைக்கும் முதல் தொகுதியையே யாரும் தொடலை, கெய்னர்."

"எனக்குப் பாதி வார்த்தை புரியாது. அகராதியையும் எடுத்து வை."

மூன்று வாரம் படித்தாள். விரலை வரிமேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தாள். கட்டி முடிக்க மூன்று வருடம். வேலை மும்முரமாக நடக்கும் மாதங்களில் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது லாரி, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை, கும்ஹெலிக் ரோடு வழியாக. அவள் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். நாலு நிமிடத்துக்கு ஒன்று. அந்த ரோடு அதைத் தாங்குமா என்ற கேள்விக்கும் அங்கே பதில் இருந்தது. ஒரு வாரம் முழுக்க எண்ணிப் பார்த்தார்களாம். போக்குவரத்து மிகக் குறைவு. பள்ளிக்கூடத்து அருகே ரோட்டைக் கடந்த சிறுவர்கள், ஐந்து நாளிலும் சேர்த்து, நாலு பேர்.

கெய்னர் அந்த எண்ணை இரண்டாவது தடவை படித்தாள். அவள் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றேழு பிள்ளைகளைக் கடத்திவிடுகிறாள்.

பக்கத்தின் கீழே தேதி இருந்தது. அக்டோபர் கடைசி வாரம். அந்த வாரம் பருவ நடு விடுமுறை, பள்ளிக்கூடமே இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு வேன் நின்றது. அதற்குள் ஒரு மனிதன் கையில் ஏதோ சின்னக் கருவியை வைத்துக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கப் பாவமாக இருந்ததென்று அவள்தான் அவனுக்கு டீயும், திராட்சை போட்ட இரண்டு வெல்ஷ் கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரொம்ப அமைதியான ஊர் என்று அவன் சொன்னான். பள்ளிக்கூடம் லீவுப்பா என்று அவள் சொன்னாள். எண்ணச் சொன்னாங்க, எண்ணுறேன் என்று அவன் சொன்னான்.

அன்று சாயங்காலம் ஹேடன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். கெய்னர் கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அவங்க எண்ணின வாரம் பள்ளிக்கூடம் லீவு, ஹேடன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா, வெளிய சொல்லாதே." அவன் கத்தியைக் கீழே வைத்தான். "முப்பது வருஷத்துல இந்த ஊருக்குள்ள யாராவது ஒரு செங்கல் வச்சிருக்காங்களா? இப்பதான் ஒருத்தன் வர்றான். அதுல மண்ணை அள்ளிப் போடப் போறியா?"

"நான் மண்ணைப் போடலை. மண்ணு லாரில வருது, பிள்ளைங்க நடுவுலன்னு சொல்றேன்."

"வேலை வேணாங்கறியா?"

"வேலை வேணும். அந்த ரோட்டுல எனக்கு ஒரு பிள்ளை அடிபடக் கூடாது. ரெண்டும் வேணும்."

"ரெண்டும் கிடைக்கற ஊரா இது?" என்றான் ஹேடன். அதன்பின் இரண்டு பேரும் பேசாமல் சாப்பிட்டார்கள். அந்தப் பேசாமை பல நாள் நீடித்தது.

அவள் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினாள். கடிதம் போன மூன்றாம் நாள் விஷயம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தபால் நிலையத்தில் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. ரக்பி கிளப்பில் பீர் ஊற்றும் மெர்வின் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "என்ன ஹேடன், உன் பொண்டாட்டி குச்சிமிட்டாயால மலையையே மறிக்கப் போறாளாமே."

வீட்டில் பேசாதிருந்த ஹேடன் அங்கே பேசினான். "மறிப்பா. உன் வேனை எத்தனை தடவை மறிச்சிருக்கா. இன்னும் ஒரு தடவைகூட நீ அவளைத் தாண்டிப் போனதில்லையே."

அதை மெர்வினே பிறகு கெய்னரிடம் சொன்னான். அன்று அவள் கணவனுக்குப் பிடித்த பட்டாணியும் இறைச்சி உருண்டையும் செய்து வைத்தாள்.

அவளுக்கு வலித்தது வேறொன்று. ரியான் டட்பால் என்ற பெண்ணின் கணவனுக்கு மூன்று வருடமாக வேலை இல்லை. ரியான் ஒருநாள் காலை தன் மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கெய்னர் நின்ற இடத்தைத் தாண்டி முப்பதடி தள்ளிப் போய்த் தானாகவே ரோட்டைக் கடக்க நின்றாள்.

"இங்க வா ரியான், அங்க வளைவு இருக்கு," என்றாள் கெய்னர்.

"உங்க உதவி எங்களுக்கு வேண்டாம் ஆன்ட்டி. எங்களுக்கு வேலைதான் வேணும்."

கெய்னர் நடு ரோட்டுக்குப் போய்க் கம்பை உயர்த்தி இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினாள். முப்பதடி தள்ளி ரியானும் மகளும் கடந்து முடிக்கும்வரை அப்படியே நின்றாள். ரியான் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படித்தான் நடந்தது. அதற்கடுத்த நாளும். மழையிலும் பனியிலும் மாதக்கணக்கில் அது நடந்தது. கார்க்காரர்கள் இரண்டு இடத்தையும் பார்த்துக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.

இதற்கிடையில் நகரத்திலிருந்து நல்ல மழைக்காலணி போட்ட இரண்டு பேர் வந்தார்கள். மலையைக் காக்கும் சங்கம் என்றார்கள். துணிப்பதாகையைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றால் பத்திரிகையில் படம் வரும், திட்டத்தையே விரட்டிவிடலாம் என்றார்கள். கெய்னர் அவர்களுக்கு டீ கொடுத்தாள்.

"நீங்க எந்த ஊரு?"

சொன்னார்கள். பெரிய ஊர்.

"அங்க வேலை இருக்கா?"

"இருக்கு."

"நல்லது. எனக்கு மலைமேல எது வந்தாலும் சரி. நான் திட்டத்தை நிறுத்தச் சொல்லலை. லாரியைத்தான் நிறுத்தச் சொல்றேன். லாரியை நிறுத்தறதுதான் என் வேலை. அதுக்குத்தான் சம்பளம் தர்றாங்க."

அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு தரப்பும் இல்லை. திட்டம் வேண்டும் என்றவர்கள் அவளைத் துரோகி என்றார்கள், வேண்டாம் என்றவர்கள் கோழை என்றார்கள்.

கவுன்சில் கூட்டத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹேடன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"பூட்ஸைப் போடு."

"எங்க?"

"போடுன்னா போடேன்."

ஹேடன் முப்பது வருடம் வனத்துறைக்கு மரலாரி ஓட்டியவன். முழங்கால் தேய்ந்த பிறகுதான் விட்டான். காரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறி, மலையைச் சுற்றி, அடுத்த பள்ளத்தாக்கின் தலைமாட்டில் ஓடும் பெரிய ரோட்டுக்குப் போனான். அங்கே ஒரு பூட்டிய இரும்புக் கதவு. அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து நூற்றிருபது வயது, ஏற ஐந்து நிமிடம் ஆனது. கதவுக்கு அந்தப் பக்கம் ஊசியிலை மரங்களுக்கு நடுவே புல் மூடிய கல்பாதை போயிற்று.

"முப்பத்தெட்டு டன் மரத்தோட இதுல ஓட்டியிருக்கேன், கெய்ன். பிப்ரவரி மாசப் பனியில." ஹேடன் நொண்டி நொண்டிக் காலடியால் அகலத்தை அளந்தான். ஒரு விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் எழுதினான். இரண்டரை மைல் நடந்ததும் மரம் முடிந்து, வெட்டவெளி வந்தது. எதிரே திட்டம் வரப்போகும் மேடு. நேராகப் பின்புறமாக வந்து சேர்ந்திருந்தார்கள்.

வழியில் ஓடையின்மேல் ஒரு பாலம். ஹேடன் குப்புறப் படுத்து அதன் அடியை எட்டிப் பார்த்தான்.

"இந்த ஒரு பாலம்தான் போயிருக்கு. இதைத் திரும்பக் கட்டிட்டா ஒரு நாளைக்கு இருநூறு லாரி போகலாம். கும்ஹெலிக்கை ஒண்ணுகூடத் தொடாது."

"இதை ஏன் அவங்க பார்க்கலை?"

"அவங்க வரைபடத்துல இது புள்ளிக்கோடு. புள்ளிக்கோட்டுல எவன் இறங்கி நடப்பான்?"

கெய்னர் அவனைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். சேறு அப்பியிருந்த அவன் கோட்டைத் தட்டிவிட்டபடியே, "நீ எனக்கு எதிர்ப் பக்கம்னு நினைச்சேன்," என்றாள்.

"எதிர்ப் பக்கம்தான். எனக்கு அது வரணும். ஆனா நீ சொன்ன ரெண்டையும் நினைச்சுப் பார்த்தேன். ஒரு வழி இருக்கும்போது வாயை மூடிக்கிட்டு இருந்தா, நாளைக்கு எந்த மூஞ்சியோட கிளப்புக்குப் போவேன்?"

கூட்டம் ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு. கெய்னர் பிள்ளைகளைக் கடத்திவிட்டு அப்படியே காரில் ஏறினாள். கோட்டைக் கழற்ற நேரமில்லை. திரும்பி வர நேரமாகி, நேராக ரோட்டில் போய் நிற்க வேண்டியிருந்தால் என்ன செய்வதென்று கம்பையும் எடுத்து வந்திருந்தாள். கவுன்சில் வாசல் காவலாளி அதைப் பார்த்து யோசித்தான்.

"இதை உள்ள விட முடியாதும்மா."

"ஆயுதமா இது?"

"உங்க கையில இருந்தா ஆயுதம்தான். என் தங்கச்சி கும்ஹெலிக்லதான் இருக்கா." அவன் கம்பை வாங்கித் தன் நாற்காலிக்குப் பின்னால் பத்திரமாகச் சாய்த்து வைத்தான்.

பொதுமக்களுக்குப் பேச மூன்று நிமிடம். சுவரில் ஒரு கடிகாரம். முன்வரிசையில் நிறுவனத்தின் போக்குவரத்து நிபுணர் அமர்ந்திருந்தார். பின்வரிசைகளில் ஊர்க்காரர்கள், பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு. கெய்னர் எழுதி வைத்திருந்த தாளைப் பார்த்தாள். எழுத்து தெரியவில்லை, கண்ணாடி காரில் இருந்தது. தாளை மடித்துப் பையில் போட்டாள்.

"நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி இல்ல. அதை முதல்ல சொல்லிடறேன், பின்னாடி உக்காந்திருக்கறவங்களுக்காக," என்று ஆரம்பித்தாள். "ஏழாவது தொகுதில, ஒரு வாரத்துல நாலு பிள்ளைங்க ரோட்டைக் கடந்ததா இருக்கு. அது பொய்யில்ல. அந்த நாலு பேர் யாருன்னு எனக்குத் தெரியும். பார்ஃபிட் வீட்டு ரெட்டைப் பசங்க சிப்ஸ் வாங்கப் போனாங்க. தாம்சின் வீட்டு நாய் ஓடிப்போச்சு, அவ தேடிக்கிட்டு வந்தா. பின்னாடியே அவ தம்பி வந்தான், ஒரு கால்ல செருப்பில்லாம."

சபையில் சிரிப்பு எழுந்தது. தலைவர்கூடக் குனிந்துகொண்டார்.

"மத்த தொண்ணூத்தி மூணு பேரும் வீட்ல தூங்கிட்டிருந்தாங்க. அந்த வாரம் பள்ளிக்கூடம் இல்ல. எண்ணின ஆளுக்கு நான்தான் டீ கொண்டுபோய்க் குடுத்தேன், லீவுன்னு நானே சொன்னேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நிபுணர் தன் தாள்களைப் புரட்டினார். கடிகாரத்தில் ஒரு நிமிடம் மீதமிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் கெய்னர் வனப்பாதையைப் பற்றிச் சொன்னாள். பாதையின் அகலம், நீளம், உடைந்த பாலம், எல்லாவற்றையும் விதைப் பொட்டலத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

தலைவர் நிபுணரைப் பார்த்துக் கேட்டார். "அந்த வாரம் விடுமுறையா?"

"சரிபார்க்க வேண்டியிருக்கு, ஐயா."

"வனப்பாதையை ஆய்வு செஞ்சீங்களா?"

"அது... வரைபடத்தில் நடைபாதையா குறிக்கப்பட்டிருந்தது."

முடிவைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி எண்ண வேண்டும், வனப்பாதையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். கெய்னர் கம்பை வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குள் ஊர் திரும்பினாள்.

மோசமான காலம் அதற்குப் பிறகுதான் வந்தது. தாமதமானால் வேறு இடம் பார்ப்போம் என்று நிறுவனத்தார் பத்திரிகையில் சொன்னார்கள். ஒருநாள் காலை கெய்னர் வீட்டுக் கார்க் கண்ணாடி முழுக்க யாரோ சேற்றைப் பூசியிருந்தார்கள். ஹேடன் வாளியில் தண்ணீர் எடுத்துவந்து கழுவினான். கெய்னர் வாசலில் நின்று பார்த்தாள்.

"நான் கெடுத்துட்டேனா, ஹேடன்?"

"ஒரு பாலம் கட்டறதுக்கே ஓடறவன் நானூறு வீடு கட்டுவான்னா நினைக்கற?" என்றான் அவன், துடைத்துக்கொண்டே. அது ஆறுதலா உண்மையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் போதுமானதாக இருந்தது.

பிப்ரவரியில் அதே வேன், அதே ஆள் வந்தான். அவளைப் பார்த்துக் கையசைத்தான். அவள் கம்பை லேசாகச் சாய்த்து வணங்கினாள். டீ கொண்டுபோகவில்லை. "இப்ப குடுத்தா லஞ்சம்னு சொல்லுவாங்க," என்று நெரிஸிடம் சொன்னாள். அந்த வாரம் ஒரு நாளைக்குத் தொண்ணூற்றேழு பிள்ளைகள், அறுபத்தொரு பெரியவர்கள் என்று அவன் எழுதிக் கொடுத்தான். பெரியவர்களை அவள் எண்ணியதே இல்லை. அது அவளுக்கே புதுச் செய்தி.

மே மாதம் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. நிபந்தனைகளில் முதலாவது, வனப்பாதையையும் பாலத்தையும் கட்டி முடிக்கும்வரை மலைமேல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது என்பது. இரண்டாவது, கட்டுமான லாரி எதுவும் எந்த நேரத்திலும் கும்ஹெலிக் வழியாகப் போகக் கூடாது. அன்று கிளப்பில் மெர்வின் ஹேடனுக்கு ஒரு பீர் ஊற்றினான். "இது உனக்கில்ல, வீட்ல இருக்கறவளுக்கு. நீ குடிச்சிட்டுப் போய்ச் சொல்லு," என்றான்.

பாலம் கட்டும் வேலைக்கு முதலில் எடுத்தவர்களில் ரியானின் கணவனும் ஒருவன். அந்தத் திங்கட்கிழமை ரியான் முப்பதடி தள்ளிப் போகவில்லை. மகளோடு கெய்னர் பக்கத்தில் வந்து நின்று, "காலை வணக்கம் ஆன்ட்டி," என்றாள். கெய்னர், "வணக்கம் கண்ணு. இன்னிக்குக் காத்து அதிகம், தொப்பியைப் பிடிச்சுக்கோ," என்றாள். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

எல்லாம் சொன்னபடி நடந்துவிடவில்லை. நானூறு மரவீடுகள் இருநூற்றைம்பதாகக் குறைந்தன. பனிச்சறுக்கு வரவே இல்லை. அறுநூறு வேலை முந்நூற்றுப் பத்தாக ஆயிற்று, அதில் பாதி கோடையில் மட்டும். கெதின் திரும்பி வரவில்லை. அவனுக்குப் பிரிஸ்டலில் ஒரு பெண்ணும் வீடும் அமைந்துவிட்டன. ஹேடன் அதற்காகக் கொஞ்ச நாள் மனம் சுணங்கியிருந்தான். பிறகு வனப்பாதைக்குப் புதிதாக வந்த லாரி ஓட்டுநர்களுக்கு வளைவுகளைக் காட்டிக்கொடுக்க வாரத்தில் இரண்டு நாள் அவனைக் கூப்பிட்டார்கள். அந்த இரண்டு நாளும் விடியுமுன்பே சவரம் செய்துகொண்டு தயாராக இருப்பான். ஆனால் நூற்றுப்பத்துக் குடும்பங்களுக்காவது கும்ஹெலிக்கிலேயே நிலையான சம்பளம் வந்தது. மூன்று வருடக் கட்டுமானத்தில் ஊர் ரோட்டில் ஒரு லாரிகூட வரவில்லை. ஒரே ஒருதடவை வழிதவறி ஒருவன் வந்தான். அவனைக் கெய்னர் பள்ளிக்கூடத்து எதிரே நிறுத்தி, வந்த வழியே போகவைத்தாள். அரை மைல், பின்னோக்கி.

திறப்பு விழாவுக்கு அவளுக்குத் தடித்த அட்டையில் அழைப்பு வந்தது. முன்வரிசை இருக்கை. வியாழக்கிழமை மூன்றேகால் மணி என்று போட்டிருந்தது. கெய்னர் நல்ல தாளில் நன்றி சொல்லிப் பதில் எழுதினாள். அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடம் விடும், அதனால் வர இயலாது என்று எழுதினாள்.

அந்த வாரச் சனிக்கிழமை அவளும் ஹேடனும் காரில் மேலே போய், ஊர்க்காரர்களுக்கான சலுகைச் சீட்டு வாங்கிக் குளத்தில் இறங்கினார்கள். கண்ணாடிக் கூரைமேல் மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளைகள் நாலைந்து பேர் அவளைப் பார்த்து, மஞ்சள் கோட்டு இல்லாததால் முதலில் அடையாளம் தெரியாமல் விழித்தார்கள். பிறகு கத்திக்கொண்டு நீந்தி வந்தார்கள். ஹேடன் முழங்காலை நீட்டி மடக்கிப் பார்த்தான்.

"எப்படி இருக்கு?" என்றாள் கெய்னர்.

"தண்ணி நல்லா சூடா இருக்கு," என்றான். "அன்னிக்கு மன்றத்துல தின்ன கேக் அளவுக்கு இல்ல."

கெய்னர் மல்லாந்து படுத்து மிதந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியும் என்று அன்றுதான் அவனுக்கே தெரிந்தது.